மல்லிகைத் தோட்டமும் கூலிக் கணக்கும்

"வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்பது இக்காலத்து நிலமுடையோர் வாயில் எப்பொழுதும் வழங்கும் சொல். களத்துமேட்டிலும், சந்தையிலும், திருமண வீட்டுப் பந்தியிலும் இச்சொல்லைப் பன்முறை கேட்டிருக்கின்றேன். கேட்குந்தோறும், "ஆம், மக்கள் சோம்பலுற்றனர்" என்று யானும் தலையசைத்து வந்தேன். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு மல்லிகைத் தோட்டத்தை மேற்பார்க்கும் பொறுப்பு எதிர்பாராவகையில் என்னைச் சார்ந்தது. அதன்பின் அங்ஙனம் தலையசைப்பதை விட்டேன். அஃது எவ்வாறு நேர்ந்ததென்பதை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்குக் கூலிக் கணக்கில் யாது வேலை என்று வினவுவோர், சிறிது பொறுமையுடன் படிப்பாராக.

என் தாய்மாமனுக்குத் திண்டுக்கல் மாவட்டத்தில், நிலக்கோட்டையை அடுத்த சிற்றூரொன்றில், ஓர் ஏக்கர்ப் பரப்பில் மல்லிகைத் தோட்டம் உண்டு. மதுரையைச் சூழ்ந்த இப்பகுதியின் மல்லிகை புகழ் வாய்ந்தது. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றது. பூவின் மணத்தைப் புகழ்வோர் பலர். அதனைப் பறிக்கும் கைகளை நினைப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக யானும் முன்பு இருந்ததில்லை.

மல்லிகை உடையவனது வசதி நோக்கிக் காத்திருக்கும் பயிரன்று. முற்றிய நெல் இரண்டொரு நாள் பொறுக்கும். பறியாது விட்ட தேங்காய் பல நாள் பொறுக்கும். முற்றிய மல்லிகை மொட்டோ, விடியற்காலையிற் பறிக்கப்படாவிடின், அன்று மாலையே செடியில் மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்குச் சந்தையில் மதிப்பில்லை. ஆதலின், பறிப்போர் இருள் நீங்குமுன்னரே தோட்டத்துக்கு வருதல் வேண்டும். நெற்றியிற் கட்டிய சிறு மின்விளக்கின் ஒளியில், முதுகு வளைந்து, செடி செடியாகத் தேடி, முற்றிய மொட்டை மட்டும் கிள்ளி மடியில் இடுவர். ஒரு கிலோ எடைக்குப் பல ஆயிரம் மொட்டுக்கள் வேண்டும். இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்டிரே. எம் மாமாவின் தோட்டத்தில் அறுவர் தொடர்ந்து பறித்து வந்தனர். அவர்களுள் மூத்தவரை ஊரார் அனைவரும் 'பெரியம்மா' என்றே அழைப்பர்.

பூவுக்கு இரு காலங்கள் உண்டு. பங்குனி தொடங்கி ஆனி வரையில் மொட்டுக்கள் மிகுதியாகத் தோன்றும், விலை குறையும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் குளிராலும் பனியாலும் மொட்டுக்கள் அருகும். விலை பன்மடங்கு ஏறும். இவ்விரு காலங்களுக்கும் எம் மாமா இருவகைக் கூலி வைத்திருந்தார். பூ மலிந்த காலத்தில் கிலோ ஒன்றுக்கு ரூபாய் 80. கைதேர்ந்த ஒருவர் ஒரு காலையில் மூன்று கிலோ பறித்து 240 ரூபாய் பெறுவர். பூ அருகிய காலத்தில் எடைக் கணக்கு இல்லை. ஒரு காலைப்பொழுதுக்கு ரூபாய் 200. கிடைக்கும் பூ ஆளுக்கு அரைக் கிலோவேயாயினும் கூலி அதுவே.

டிசம்பர்த் திங்களின் இடையில் மாமா கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்து கால் எலும்பு முறியப்பெற்றார். பிள்ளைகள் இருவரும் சிறியர். ஆதலின் விடுமுறைக்குச் சென்ற என் கையில் கணக்குப் புத்தகமும் தராசும் வந்தன. பத்தொன்பது வயதுடையான் ஒருவனிடம் அதிகாரமும் கணக்கும் ஒருங்கே சேர்ந்தால் என் நேருமோ, அதுவே நேர்ந்தது. முதல் நாள் இரவே புத்தகத்தை ஆராய்ந்தேன். அறுவர்க்கு நாள் ஒன்றுக்கு ரூபாய் 1,200. கிடைத்த பூ மூன்று கிலோ. ஆகவே கிலோ ஒன்றுக்குப் பறிகூலி ரூபாய் 400. பூ மலிந்த காலத்தில் 80 ரூபாயாக இருந்தது ஐந்து மடங்காயிற்றே! மாமாவின் இரக்க நெஞ்சத்தை இப்பெண்டிர் தமக்கு ஏற்றவாறு பயன்படுத்திக்கொள்கின்றனர் என்று துணிந்தேன்.

டிசம்பர் 28ஆம் நாள் காலையில், மாமாவைக் கலவாமலே, புதிய ஏற்பாட்டை அறிவித்தேன். இனி எக்காலத்தும் எடைக்கே கூலி. பூ அருகிய காலமாதலின் கிலோவுக்கு 80க்கு மாறாக 150 ரூபாய். ஏறத்தாழ இருமடங்கு தருகின்றேனென்று எனக்குள் பெருமிதமும் கொண்டேன். அதனோடு நில்லாது, பனியில் நனைந்த பூ எடை மிகுமென்று கருதி, கிலோவுக்கு 50 கிராம் ஈரக் கழிவும் விதித்தேன். அறுவரும் ஒன்றும் கூறவில்லை. அவ்வமைதியை உடன்பாடென்று கொண்டேன். அம்மூன்று நாட்களும் அவர்கள் வந்தனர், பறித்தனர், ஆளுக்கு எழுபது ரூபாயளவில் பெற்றுச் சென்றனர். மூன்று நாட்களில் 2,250 ரூபாய்க்குச் சற்று மேலாக மிச்சமாயிற்று. அதனை மாமாவிடம் காட்டிப் பாராட்டுப் பெற வேண்டுமென்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 31ஆம் நாள் வைகறையில் தோட்டத்தில் ஒரு விளக்கும் தோன்றவில்லை. நான்கு மணி கழிந்தது, நாலரையும் கழிந்தது. புத்தாண்டுக்கு முந்திய நாளாதலின் அன்று நிலக்கோட்டைச் சந்தையில் கிலோ 3,000 ரூபாய்க்கு விலை போகுமென்று தரகர் முந்திய மாலையே கூறியிருந்தார். செய்வதறியாது வீட்டுக்கு ஓடி அத்தையை எழுப்பினேன். இருவரும் கூடையுடன் செடிகளுக்கிடையே இறங்கினோம்.

அன்றுதான் யான் முதன்முதலிற் பூப் பறித்தேன். பனியில் நனைந்த இலைகள் முழங்கை வரை ஈரமாக்கின, விரல்கள் மரத்தன. ஒரு செடியில் மூன்று மொட்டு, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. மொட்டில்லாத செடியையும் முற்றும் தேடிப் பார்த்த பின்னரே அதில் மொட்டில்லை என்பது விளங்கும், அதற்கும் பொழுது செல்கின்றது, முதுகும் வளைகின்றது. இரண்டரை மணி நேரத்துக்குப் பின் என் கூடையை நிறுத்துப் பார்த்தேன்: 150 கிராம். என் கணக்குப்படி என் கூலி இருபத்திரண்டரை ரூபாய். ஈரக் கழிவு போக அதனினும் குறைவு. பழகிய கையினரான அத்தை 450 கிராம் பறித்திருந்தார். இருவர் பறித்ததும் 600 கிராமே. எஞ்சிய ஏறக்குறைய இரண்டரைக் கிலோ மொட்டும் அன்று மாலை செடியிலேயே வெள்ளெனப் பூத்து நின்றன. அத்துணை அழகான காட்சியை யான் அத்துணைத் துயரத்தோடு ஒருநாளும் கண்டதில்லை. 2,250 ரூபாய் மிச்சம் பிடிக்கப் புகுந்து 7,000 ரூபாய்க்கு மேல் இழந்திருந்தேன்.

அன்று அந்திப்பொழுதில் பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்றேன். சினமும் நாணமும் ஒருசேர என்னை வருத்தின. அவர் திண்ணையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "வா தம்பி, மாமாவுக்குக் கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா?" என்று கேட்டார். யான் எண்ணிச் சென்ற சொற்களெல்லாம் அவ்வொரு கேள்வியில் மறந்துபோயின. "இன்று ஏன் வரவில்லை?" என்று மட்டும் தாழ்ந்த குரலில் வினவினேன்.

"வீம்புக்கு நிற்கவில்லை தம்பி. மேற்கே ஒரு தோட்டத்தில் காலைப்பொழுதுக்கு இருநூறு கொடுத்தார்கள், போனோம். என் மருமகளுக்கு மில்லு வண்டி தெருமுனைக்கே வருகிறது. அவள் என்னையும் பூவை விட்டுவிட்டு வரச் சொல்கிறாள். உன் மாமா முகத்துக்காகத்தான் மூன்று நாள் பொறுத்தோம். செடியில் பூ இல்லை என்றால் அது எங்கள் கை செய்த குற்றமா? பனி ஈரம் என்று எடை குறைத்தாய். அந்தப் பனியில் நனைந்தது எங்கள் சேலைதானே?" என்றார்.

அவர் குரலில் வெகுளி இல்லை. யான் விடை கூற இயலாது நின்றேன். "தவறு என்னுடையது, மாமா அறியார்" என்று மட்டும் சொன்னேன். "அது எங்களுக்குத் தெரியும்" என்றார்.

வீடு திரும்பி மாமாவிடம் நிகழ்ந்ததனைத்தும் கூறினேன். அவர் வையவில்லை. கணக்குப் புத்தகத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதிக்காட்டலானார். "மருமகனே, நீ கூலியை மட்டும் பார்த்தாய்; விலையைப் பார்க்கவில்லை. சித்திரையில் கிலோ 300 ரூபாய்க்கு விற்கும்போது 80 ரூபாய் கூலி தருகிறேன். நூற்றுக்கு 27 பங்கு அவர்களுக்குப் போகிறது. மார்கழியில் கிலோ 2,000 ரூபாய்க்கு விற்கும்போது பறிகூலி 400 ரூபாய். நூற்றுக்கு 20 பங்குதான். ஐந்து மடங்கு கூலி என்று நீ மலைத்த காலத்தில்தான் நான் குறைந்த பங்கு கொடுக்கிறேன். உன் ஏற்பாட்டில் அது நூற்றுக்கு ஏழரை ஆகிறது. பூ குறைந்ததால் வந்த விலையேற்றம் முழுவதும் நமக்கு, பூ குறைந்த நட்டம் முழுவதும் அவர்களுக்கு என்றால், அவர்கள் எதற்காக நாலு மணிக்கு எழுந்து வர வேண்டும்?"

இவ்வினாவே யான் இவ்விடுமுறையிற் கற்ற பாடத்தின் சுருக்கம். எடைக் கூலி தன்னளவில் தீயதன்று. பூ மலிந்த காலத்தில் அஃது இரு திறத்தார்க்கும் நன்று. விரைந்து பறிப்பவர் மிகுதியாகப் பெறுவர். பூவும் வெயிலேறுமுன் சந்தைக்குச் செல்லும். ஆனால் விளைச்சல் அருகிய காலத்தில், உழைப்பு முன்போலவே இருக்க எடை மட்டும் குறைகின்றது. அப்பொழுதும் எடைக்கே கூலி தருவோமாயின், பருவத்தின் இடையூற்றை நிலமுடையவன் தன் தோளினின்று இறக்கிப் பறிப்பவளின் தோளில் ஏற்றுகின்றான். நிலமோ, சேமிப்போ, விலையேற்றத்திற் பங்கோ அவளுக்கில்லை. அச்சுமையைத் தாங்கும் வலி அவளுக்கு எங்ஙனம் வரும்?

அன்றிரவு ஆண்டிறுதி ஆராதனைக்குச் சென்றிருந்தேன். திராட்சத் தோட்டத்து வேலையாட்களின் உவமையை ஞாயிற்றுப் பள்ளியில் எத்தனையோ முறை கேட்டவன் யான். பொழுது சாயும் வேளையில் வந்தோர்க்கும் முழுநாட் கூலி அளித்த அத்தோட்டக்காரன் கணக்கறியாதவன் என்று சிறுவயதில் எண்ணியதுண்டு. அவர்கள் அதுவரை வேலையின்றிச் சந்தைவெளியில் நின்றதும், இராப்பொழுதில் அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும் என்பதும் அன்றிரவே என் நினைவுக்கு வந்தன.

விடுமுறை கழிந்து கல்லூரிக்கு மீண்டபின், பிற நாடுகளில் இச்சிக்கல் எவ்வாறு தீர்க்கப்பட்டதென்று நூலகத்திற் தேடிப் படித்தேன். அமெரிக்க நாட்டு புளோரிடா மாநிலத்தில் இம்மோகலி என்னும் ஊரைச் சூழத் தக்காளி பறிப்போர் வாளிக் கணக்கிற் கூலி பெறுவர். வாளி ஒன்று 32 பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ பதினான்கரைக் கிலோ கொள்ளும். வாளியின் விளிம்புக்கு மேலும் தக்காளியைக் குவித்து நிரப்ப வேண்டுமென்பது மேற்பார்வையாளர் வழக்கம். அக்குவியலுக்குக் கூலி இல்லை. 1993இல் அத்தொழிலாளர் ஒன்றுகூடத் தொடங்கினர். தக்காளியை மொத்தமாக வாங்கும் பெரிய உணவு நிறுவனங்களை நோக்கி, பவுண்டு ஒன்றுக்கு ஒரு காசு கூடுதலாகத் தருமாறு கேட்டனர். டாக்கோ பெல் என்னும் உணவு நிறுவனம் 2005இல் அதற்கு இணங்கிற்று. 2011 முதல் நியாய உணவுத் திட்டம் என்னும் பெயரால் புளோரிடாவின் தக்காளித் தோட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஒழுங்குகள் வகுக்கப்பட்டன. வாளியைக் குவித்து நிரப்பச் சொல்லலாகாது. வயலுக்கு வந்த நேரம் கடிகாரத்திற் பதிவாதல் வேண்டும். நிழலும் குடிநீரும் வைத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. குவித்த வாளியைப் பற்றிப் படித்தபொழுது, யான் விதித்த ஐம்பது கிராம் ஈரக் கழிவு நினைவுக்கு வந்தது. கடல்கடந்த நாட்டு மேற்பார்வையாளனும் யானும் ஒரே பள்ளியிற் பயின்றவர்போலும்!

நம் நாட்டிலோ, கூலிப் பிணக்கு குருதியில் முடிந்த வரலாறும் உண்டு. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டு எழுந்த பூசலின் முடிவில், 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 உயிர்கள் எரிந்து மாண்டன. அவர்களுட் பெரும்பாலோர் பெண்டிரும் குழந்தைகளுமே. அடுத்த ஆண்டாகிய 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் தமிழ்நாட்டில் இயற்றப்பெற்றது. அக்கொடுமையை எம் தோட்டத்துச் சிறு நிகழ்ச்சியோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும், கேட்டது நெல்லாகிய சிறு அளவே என்பதையும், அதனை மறுத்த மனம் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதையும் நிலமுடைய குடும்பத்திற் பிறந்தோர் மறத்தலாகாது. யாம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நாளும் அதுவே.

இனி, புத்தாண்டுக்குப் பின் தோட்டத்தில் யான் கண்டவற்றைச் சொல்வேன். மாமாவின் சொற்படி, மூன்று நாட்களிற் குறைந்த கூலியை அறுவர் வீட்டுக்கும் நேரிற் கொண்டுசென்று கொடுத்தேன். ஜனவரி 2ஆம் நாள் வைகறையில் அறுவரும் வந்தனர். எஞ்சிய நாட்களில், முன்பு என் கண்ணிற் படாதிருந்த சிலவற்றைக் கண்டேன். அவை யாவும் மாமா பல ஆண்டுகளாகச் செய்துவந்தவையே.

முதலாவது, தராசின் முகம் பறித்தவரை நோக்கியே இருக்கும். நிறுப்பவன் படித்துச் சொல்லும் எண்ணை அவர் நம்ப வேண்டியதில்லை, தாமே படித்துக்கொள்வார். இரண்டாவது, மருந்து தெளித்த பாத்தி இன்னதென்று முதல் நாளே அறிவிக்கப்படும். அப்பாத்தியில் குறித்த நாள் கழியும்வரை ஒருவரும் கை வைப்பதில்லை. மல்லிகையில் மொட்டுப்புழுவுக்கு அடிக்கடி மருந்து தெளிக்க நேர்கின்றது. வெறுங்கையால் மொட்டைக் கிள்ளுவோர்க்கு இவ்வறிவிப்பு கூலியினும் இன்றியமையாதது. மூன்றாவது, நெற்றி விளக்குகளும் அவற்றின் மின்கலங்களும் தோட்டத்துச் செலவே. இருளில் புதரிடையே பாம்பிருக்கும். விளக்கு மங்கினால் பறிப்பவர் உயிருக்கே இடர். நான்காவது, பறிப்புக் குறைந்த நாட்களில் களையெடுப்பு வேலையை வெளியாட்களுக்குக் கொடாமல் அவ்வறுவர்க்கே கொடுப்பார். ஐந்தாவது, பொங்கலுக்கு முன்பணம் கேட்போர்க்குத் தருவார். ஆனால் அதனைக் காட்டி, "இங்கேதான் வேலை செய்ய வேண்டும்" என்று ஒருவரையும் கட்டுப்படுத்துவதில்லை. கடனைக் கொண்டு ஆளைக் கட்டிவைத்தலைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே குற்றமாக்கிவிட்டது. மாமா சட்டத்துக்கு அஞ்சி அங்ஙனம் செய்கின்றாரல்லர். "கட்டி வைத்தவள் வருவாள், ஆனால் மொட்டைத் தேடிப் பார்க்கமாட்டாள்" என்பது அவர் கூற்று.

இவற்றுள் ஒன்றேனும் பெருஞ்செலவு கொண்டதன்று, பெருங்கல்வி வேண்டுவதுமன்று. எல்லாவற்றுக்கும் அடிப்படையாவது ஒன்றே. வேலை செய்வோர் எவ்விடத்து எவ்வகை இடையூற்றைத் தாங்குகின்றனர் என்று மேற்பார்ப்பவன் கண்ணாற் கண்டிருத்தல் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 'கூலி' என்னும் ஒரு பத்தி உண்டு. பனிக்கும், இருளுக்கும், வெறுஞ்செடியைத் தேடிய பொழுதுக்கும் அதிற் பத்தி இல்லை. இரண்டரை மணி நேரம் முதுகு வளைந்திராவிடின் யானும் இதனை உணர்ந்திரேன்.

இளைஞர் நிலத்தை விட்டு நகர் நோக்கிச் செல்வதையும், நூற்பாலை வண்டிகள் சிற்றூர்த் தெருக்கள்தோறும் நிற்பதையும் காட்டி, உழவுத்தொழில் ஆளின்றி அழியுமென்று பலர் வருந்துகின்றனர். வருத்தம் பொய்யன்று. ஆயினும், பெரியம்மாவைப் போன்றோர் தாம் செய்யும் வேலையின் மதிப்பை நன்கறிவர். அடுத்த தோட்டத்துக் கூலியையும், நூற்பாலைக் கூலியையும், தம் உடல்நோவையும் ஒப்பிட்டே முடிவு செய்கின்றனர். நிலமுடையவன் செய்யும் கணக்குக்கு அவர்கள் செய்யும் கணக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அதனைச் சோம்பலென்று பெயரிடுவது எளிது. யானும் அங்ஙனமே பெயரிட்டேன்.

நண்பர்காள்! நம்முள் சிலர் தந்தையரின் நிலங்களுக்குத் திரும்புவர். பலர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பிறரை வேலைவாங்கும் இடத்தில் அமர்வர். அன்று நம் கையிலும் ஒரு கணக்குப் புத்தகம் வரும். அதில் மிச்சம் பிடிக்க முற்படுமுன், அம்மிச்சம் யாருடைய கையிலிருந்து வருகின்றதென்று ஒருமுறை நோக்குவோமாக. "வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை" என்னும் சொல்லை இப்பொழுதும் கேட்கின்றேன். பொங்கல் விடுமுறையில் உறவினர் ஒருவர் என்னிடமே கூறினார். முன்போல் தலையசைக்கவில்லை. "என்ன கூலி, எந்தக் கணக்கில் தருகின்றீர்கள்?" என்று வினவினேன். அவர் சிறிது பொழுது விடை கூறாதிருந்தார். டிசம்பர் 31ஆம் நாள் மாலையில் யானும் அங்ஙனமே நின்றேனாதலின், அவரை மேலும் வினவவில்லை.